வெள்ளம் வடிந்தால் தங்கம் ஒதுங்குமா?

கலிபோர்னியாவில் மழை அடித்துப் பெய்தால் இரண்டு வகையான செய்திகள் வரும். முதல் வாரம் எங்கே கரை உடைந்தது, எத்தனை வீட்டில் தண்ணீர் புகுந்தது, எந்த நெடுஞ்சாலையை மூடினார்கள் என்று. தண்ணீர் வடிந்த பிறகு, 'ஆற்றில் தங்கம் ஒதுங்குது, தட்டும் கையுமா ஜனங்க கிளம்பிட்டாங்க' என்று.

2022 டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து 2023 ஜனவரி நடுப்பகுதி வரை இங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது 'வளிமண்டல ஆறுகள்' வந்தன. பசிபிக் கடலில் இருந்து நீளமான பட்டை போல வரும் ஈரக்காற்றுக்குத்தான் அந்தப் பெயர். சியர்ரா நெவாடா மலையில் மோதியதும், கீழே மழையாகவும் மேலே பனியாகவும் கொட்டித் தீர்த்துவிடும். அந்த வருடம் ஏப்ரலில் அளந்தபோது மலையில் கிடந்த பனி வழக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது உருகி, கோடை வரைக்கும் ஆறுகள் பொங்கி ஓடின. அந்தச் சமயத்தில்தான் 'இரண்டாவது தங்க வேட்டை' என்று பத்திரிகைகளில் தலைப்பு மேல் தலைப்பாக வந்தது.

நான் இருப்பது ஃபோல்சம். சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே, அமெரிக்கன் ஆற்றங்கரையில் உள்ள ஊர். ஐ.டி. ஆட்கள் அதிகம், அதில் நம்மாட்களும் அதிகம். எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வருடம் ஒரே தங்கப் பேச்சுதான். 'சவரன் விக்கிற விலைக்கு, வார இறுதியில ஆத்துக்குப் போனா வேலையை விட்டுடலாம் போல' என்று ஒருவர். 'மோட்டார் வெச்ச மெஷின் ஒண்ணு ஆன்லைன்ல இருக்கு, நாலு பேர் சேர்ந்து வாங்குவோமா' என்று இன்னொருவர். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐ.டி.க்கு வந்தவன் நான் என்பதால், 'நீங்கதான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எல்லாம் படிச்சவர், சொல்லுங்க' என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

வெள்ளம் தங்கத்தைக் கொண்டுவருமா? கொண்டுவரும். ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அந்தக் கணக்கு சுவாரஸ்யமானது. அதன் பின்னால் இருக்கிற வரலாறு அதைவிட முக்கியமானது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரிசி அரிக்கிற கணக்கு

முதலில் அடிப்படை. வெள்ளம் தங்கத்தை உண்டாக்குவதில்லை. இந்த மலைத்தொடரின் பாறைக்குள், வெள்ளைக் குவார்ட்ஸ் கல் வரிகளில், தங்கம் படிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மழையும் வெயிலும் பனியும் பாறையை உடைக்க உடைக்க, அதில் இருந்த தங்கம் துகள் துகளாக ஓடைக்கு வந்து, ஓடையில் இருந்து ஆற்றுக்கு வந்தது. ஆறு அதை இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான்.

எப்படி மாற்றி வைக்கிறது என்று புரிய, நம் வீட்டு அடுப்படிக்குப் போனால் போதும். கல் பொறுக்காத அரிசியை அம்மாவும் பாட்டியும் தண்ணீர் விட்டு அரிப்பார்களே, அது ஞாபகம் இருக்கிறதா? பாத்திரத்தை லேசாக ஆட்டி ஆட்டிச் சாய்க்கும்போது அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கல் அடியிலேயே தங்கிவிடும். தங்கத்தட்டு வேலையும் இதேதான். இங்கே மணல்தான் அரிசி, தங்கம்தான் கல்.

எண்ணில் சொன்னால், தங்கம் தண்ணீரைப்போல 19.3 மடங்கு எடை. சாதாரண ஆற்று மணல் 2.65 மடங்கு. தண்ணீருக்குள் போட்டால் இரண்டிலும் ஒவ்வொன்றைக் கழிக்க வேண்டும். ஆக 18.3-க்கு 1.65. ஒரே அளவு மணல் துகளையும் தங்கத் துகளையும் தண்ணீருக்குள் ஒப்பிட்டால், தங்கம் 11 மடங்கு கனம். இந்த 11 மடங்கை வைத்துத்தான் ஆறு தங்கத்தையும் மணலையும் பிரித்து வைக்கிறது.

இடையில் ஒரு ஆசாமி உண்டு. கருமணல். இரும்பு கலந்த தாதுக்கள், எடை தண்ணீரைப்போல சுமார் 5 மடங்கு. தட்டில் கடைசியாக மிஞ்சுவது இந்தக் கருமணல்தான். அதில் மஞ்சளாக ஒரு புள்ளி மினுக்கினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கருமணல் இருக்கிற இடத்தில் எல்லாம் தங்கம் இருக்காது. ஆனால் தங்கம் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் கருமணல் இருக்கும்.

வெள்ளம் என்ன செய்கிறது?

சாதாரண நாளில் ஆற்றுப் படுகை பூட்டிக் கிடக்கும். மேலே பெரிய பெரிய கூழாங்கற்கள் பாவியது போல இறுகி இருக்கும். அதற்குக் கீழே இருக்கிற மணலும் தங்கமும் அசையாது. தண்ணீர் மேலே ஓடிக்கொண்டே இருக்கும்.

வெள்ளம் வந்தால் அந்தப் பூட்டு உடைகிறது. நீர் இயக்கவியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கு அல்ல, 64 மடங்கு ஆகும். அதனால்தான் நேற்று வரை கால் நனைத்த ஓடை இன்றைக்கு ஆள் உயரக் கல்லைப் புரட்டிப் போடுகிறது. அப்படிப் படுகை முழுவதும் உருண்டு குலுங்கும்போது அது பெரிய சல்லடை மாதிரி வேலை செய்யும். கனமான தங்கம் இடுக்கு இடுக்காக இறங்கி, அடிப்பாறையின் வெடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரிய கட்டி என்றால் எந்த வெள்ளத்துக்கும் லேசில் நகராது. நகர்ந்தாலும் கொஞ்ச தூரம்தான்.

வெள்ளத்தோடு பயணம் போவது பொடித் தங்கம். தவிடு மாதிரி தட்டையாக, மெல்லிசாக இருக்கும். தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில் இறங்கிவிடும். வளைவின் உட்புறம், பெரிய பாறையின் பின்பக்கம், குறுகலான ஆறு திடீரென அகலமாகும் இடம், மணல் திட்டின் தலைப்பகுதி. நம் மொழியில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: கொழித்தல். ஆறு மணலைக் கொழித்து ஒதுக்கியது என்கிறோம். முறத்தில் அரிசி கொழிப்பதும் அதே சொல்தான். 'பொன் கொழிக்கும் ஆறு' என்று சொன்னவர்கள் இரண்டையும் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பொடியை இங்கே 'வெள்ளத் தங்கம்' என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்கும் பெரும்பாலும் அதே திட்டில், அதே வளைவில், மேலாக சில அங்குலத்துக்குள்தான் படியும். போன வருடம் சுரண்டி எடுத்த இடத்தில் இந்த வருடம் மறுபடி இருக்கும். கரையோரப் பாறையில் வளர்ந்த பாசியில்கூட சிக்கியிருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் பாசியைப் பெயர்த்துக் கொண்டுபோய் அலசுவார்கள்.

ஆற்றில் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வந்ததும் தண்ணீரைப் பார்க்க மாட்டார், மரத்தைப் பார்ப்பார். கிளையில் சிக்கிக் காய்ந்து தொங்கும் குப்பையை வைத்து வெள்ளம் எவ்வளவு உயரம் போனது என்று கணக்குப் போடுவார். பிறகு துருப்பிடித்த ஆணி, தூண்டில் ஈயக்குண்டு இதெல்லாம் எங்கே கிடக்கிறது என்று தேடுவார். 'ஈயத்தை ஆறு எங்க போட்டுதோ, அங்கதான் தங்கத்தையும் போடும்' என்பது அவர் பாடம். எங்கள் பேராசிரியர் ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்!

வெள்ளத்தோடு இன்னும் இரண்டு விஷயம் சேரும். ஒன்று, கரை சரிவது. பழைய காலத்தில் ஆறு ஓடிய உயரமான திட்டுகள் சரிந்து விழும்போது அதில் புதைந்திருந்த தங்கம் புதிதாக ஆற்றில் சேரும். இரண்டாவது, காட்டுத்தீ. 2022 செப்டம்பரில் அமெரிக்கன் ஆற்றின் நடுக்கிளைப் பக்கம் 'மஸ்கீட்டோ' தீ எழுபத்தாறாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த வருடம் கலிபோர்னியாவில் அதுதான் பெரிய தீ. மரமும் புல்லும் போன சரிவில் அடுத்த மழை மண்ணைப் பிடுங்கிக்கொண்டு வரும். தங்கம் தேடுகிறவருக்கு அது நல்ல செய்தி. அங்கே வீடு இழந்தவருக்கு?

அணைக்குக் கீழே கதை வேறு. ஃபோல்சம் அணை 1950களில் கட்டியது. மேலே இருந்து வருகிற மணலும் தங்கமும் ஏரியிலேயே நின்றுவிடும். அணைக்குக் கீழே வெள்ளம் விட்டால், ஏற்கெனவே இருப்பதைத்தான் புரட்டிப் போடும். புதுசாக வராது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றைப் பார்த்து ஆசைப்படுகிற நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் தங்கமே குட்டி வெள்ளத்தில்தான்

இங்கே நான்காம் வகுப்புப் பாடத்தில் தங்க வேட்டை வரும். பிள்ளைகளைப் பள்ளியில் இருந்தே கொலோமாவுக்கு அழைத்துப் போவார்கள். அமெரிக்கன் ஆற்றின் தெற்குக் கிளையில் உள்ள சின்ன ஊர்.

ஜான் சட்டர் என்பவருக்காக ஜேம்ஸ் மார்ஷல் அங்கே தண்ணீரில் ஓடும் மர அறுவை ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் வெளியேறும் கால்வாய் ஆழம் போதவில்லை. அதனால் பகலில் ஆட்கள் கால்வாயைத் தோண்டுவார்கள். ராத்திரி மதகைத் திறந்து விட்டுத் தண்ணீரை ஓடவிட்டு, பெயர்த்த மண்ணையும் சரளையையும் அடித்துப் போகச் செய்வார்கள். 1848 ஜனவரி 24 காலையில் தண்ணீரை நிறுத்திவிட்டு மார்ஷல் கால்வாயைப் பார்க்கப் போனபோதுதான் அடியில் மினுமினுப்பு தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். மனிதன் கையால் விட்ட ராத்திரி வெள்ளம், லேசான மண்ணைக் கொண்டுபோய்விட்டு கனமானதை மட்டும் மிச்சம் வைத்தது. உலகத்தையே கலிபோர்னியாவுக்கு இழுத்த தங்கம், வெள்ளம் வடிந்த கால்வாயில்தான் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் இங்கே வந்து சேர்ந்தார்கள். இந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் நோயிலும் துப்பாக்கியிலும் அழிந்ததும் அந்த ஆண்டுகளில்தான். பிள்ளைகளிடம் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு சவரனுக்கு எத்தனை நாள்?

வாட்ஸ்அப் குழுவுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. வெள்ளத் தங்கத்தில் ஒரு துகள் அரை மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம், பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆற்றுத் தங்கத்தில் கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும் என்பதால் ஒரு கன மில்லிமீட்டருக்கு 17 மில்லிகிராம் என்று எடுத்தால், ஒரு துகளின் எடை அரை மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு கிராமுக்கு சுமார் 2,350 துகள் வேண்டும். எட்டு கிராம் சவரனுக்கு சுமார் 18,800.

குனிந்து, முழங்கால் தண்ணீரில் நின்று, நாள் முழுக்க அலசி முப்பது துகள் எடுத்தால் புதுசாகப் போகிறவருக்கு அது நல்ல நாள். அந்த வேகத்தில் ஒரு சவரனுக்கு 600 நாளுக்கு மேல் ஆகும். சனி, ஞாயிறு மட்டும் போனால் ஆறு வருடம். பெட்ரோல் காசு தனி. மோட்டார் மெஷின் வாங்கலாம் என்றவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எங்கள் குழுவில் கோலார் தங்கவயலைச் சேர்ந்த நண்பர் ஒருவர் உண்டு. தாத்தா, அப்பா இருவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. பூமிக்கடியில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001-ல் மூடினார்கள். 'எங்க வீட்டுல ரெண்டு தலைமுறை தங்கம் தோண்டுச்சு, பாட்டி காதுல கிடந்தது கடையில வாங்கின தோடுதான்' என்றார் அவர். குழுவில் அதற்கு மேல் யாரும் எதுவும் எழுதவில்லை.

'இதுக்குக் கீழ வயல் வெச்சிருந்தவன் கதி என்ன?'

என் ஊர் மன்னார்குடி பக்கம். கடைமடை. அப்பா, அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு நாள் வடக்கே மலாகாஃப் என்ற இடத்துக்கு அழைத்துப் போனேன். இப்போது அது மாநிலப் பூங்கா. மலையையே வெட்டி எடுத்த மாதிரி, செம்மண்ணும் வெள்ளையுமாக பிரம்மாண்டமான பள்ளம் கிடக்கும். 1853-ல் தொடங்கிய முறை அது. மேலே இருந்து குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்து, பீரங்கி மாதிரி இரும்பு வாயால் மலை மேல் பீய்ச்சி அடிப்பார்கள். மலை கரைந்து ஓடும். கரைந்த சேற்றை நீண்ட மரத் தொட்டிகளில் விட்டுத் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

இயற்கை வெள்ளம் எப்போதாவது செய்வதை இவர்கள் வருஷம் பூராவும் செய்தார்கள். அப்பாவுக்கு நான் இதை எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: 'அது சரி தம்பி, இவ்ளோ மண்ணு எங்க போச்சு? இதுக்குக் கீழ வயல் வெச்சிருந்தவன் கதி என்ன?'

கொள்ளிடம் கரை உடைந்தால் வயலில் மணல் ஏறி, அதை எடுத்துக் கொட்டவே ஒரு பட்டம் போய்விடும் என்பதைப் பார்த்த மனுஷன். அவருக்குத் தங்கம் கண்ணில் படவில்லை, மணல்தான் பட்டது.

கீழே இருந்தவர்கள் கதி மோசமாகத்தான் போனது. யூபா ஆற்றின் படுகை மண் நிரம்பி மேடாகிக்கொண்டே வந்தது. படுகை உயர்ந்தால் சாதாரண மழைக்கும் வெள்ளம் வரும். மேரிஸ்வில் என்ற ஊர் கரையை உயர்த்த, ஆறு உயர, மறுபடி கரையை உயர்த்த என்றே காலம் தள்ளியது. நல்ல விளைநிலமும் பழத்தோட்டமும் சரளைக்கு அடியில் போயின. அதற்கு முன்பே, 1861 டிசம்பரிலும் 1862 ஜனவரியிலும் வந்த பெருவெள்ளத்தில் சாக்ரமென்டோ நகரம் முழுகியது. லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஆளுநராகப் பதவியேற்க 1862 ஜனவரி 10-ல் படகில் போனார். சட்டமன்றமே சில காலம் சான்பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. பிறகு சாக்ரமென்டோவில் தெருக்களையே மண் கொட்டி உயர்த்தினார்கள். பழைய கடைவீதிக்குப் போனால் அன்றைய தரைத்தளம் இன்றைக்குச் சுரங்க அறை மாதிரி கீழே கிடப்பதைப் பார்க்கலாம்.

விவசாயிகளும் ஊர்க்காரர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். மேலே சுரங்கக் கம்பெனிகளிடம் பணமும் செல்வாக்கும் இருந்தது. அப்படியும் 1884 ஜனவரி 7-ல் நீதிபதி லொரென்சோ சாயர், மண்ணையும் கல்லையும் ஆற்றில் தள்ளக்கூடாது என்று தடை போட்டார். அவரே 1850-ல் தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியா வந்தவர்தான். மேலே இருப்பவன் லாபத்துக்காக கீழே இருப்பவன் நிலத்தை அழிக்க உரிமை இல்லை என்று சொன்ன தீர்ப்பு அது. அமெரிக்காவின் ஆரம்பகாலச் சுற்றுச்சூழல் தீர்ப்புகளில் முக்கியமானது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

ஆனால் தீர்ப்போடு மண் நின்றுவிடவில்லை. கில்பர்ட் என்ற புவியியலாளர் ஆண்டுக்கணக்கில் ஆறு ஆறாக அளந்து 1917-ல் அறிக்கை கொடுத்தார். சுரங்கங்கள் ஆறுகளில் தள்ளிய மண், பனாமா கால்வாய் வெட்ட எடுத்ததைப்போல கிட்டத்தட்ட எட்டு மடங்கு என்றார். அது ஒரு மெதுவான அலை மாதிரி, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சான்பிரான்சிஸ்கோ விரிகுடா வரைக்கும் போனது. யூபா ஆற்றில் 1941-ல் கட்டி முடித்த எங்கிள்பிரைட் அணை, தண்ணீரைத் தேக்க அல்ல, இந்த மண்ணைத் தடுக்கவே கட்டியது.

இதில் அப்பாவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது, 11 மடங்குக் கணக்கும் இருக்கிறது. தங்கம் கனம், அதனால் மேலேயே தங்கிவிடும். லேசானது எல்லாம் கீழே போகும். லாபம் மலையில் நின்றது, சேறு கடைமடைக்குப் போனது.

கண்ணுக்குத் தெரியாத பாக்கி

மண்ணோடு இன்னொன்றும் போனது. பாதரசம். பொடித் தங்கத்தைப் பிடிக்க மரத்தொட்டிகளில் பாதரசத்தை ஊற்றுவார்கள். தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு சேற்றோடு ஆற்றுக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் அப்படிப் போனது ஆயிரக்கணக்கான டன் என்பது அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறை மதிப்பீடு. அந்தப் பாதரசம் வந்தது எங்கிருந்து தெரியுமா? நியூ அல்மடென் சுரங்கம். இன்றைக்கு நம் ஐ.டி. ஆட்கள் வீடு தேடி அலைகிற சான்ஹோசேயின் தெற்கு மூலை.

பாதரசமும் கனம். அதுவும் தங்கம் ஒதுங்கும் இடத்தில்தான் ஒதுங்கும். படுகைக்குள் புதைந்து கிடக்கிற வரை தொந்தரவு குறைவு. வெள்ளம் கிளறினால், அல்லது மோட்டார் வைத்து உறிஞ்சினால், மறுபடி தண்ணீரில் கலக்கும். சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை வேறு ரூபத்துக்கு மாற்ற, மீன் உடம்பில் ஏறும். எங்கள் ஃபோல்சம் ஏரி மீனுக்கே அரசு எச்சரிக்கை உண்டு. குழந்தைகளும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் சில வகை மீன்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். 2009-ல் இருந்து கலிபோர்னியாவில் மோட்டார் வைத்து ஆற்றடியை உறிஞ்சித் தங்கம் எடுப்பதற்குத் தடை இருப்பதில் மீன்வளமும் இந்தப் பாதரசமும் முக்கியக் காரணம். 'சின்ன மெஷின்தானே, என்ன ஆகிடும்' என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பாக்கியையே இந்த ஆறு இன்னும் அடைத்து முடிக்கவில்லை.

நம் நீலகிரியிலும் உண்டு

இது ஏதோ அமெரிக்கக் கதை என்று நினைக்க வேண்டாம். நீலகிரி மாவட்டம் பந்தலூர், தேவாலா பக்கம் ஓடைகளில் பொடித் தங்கம் உண்டு. பழங்குடி மக்கள் மரத் தட்டில் அலசி எடுத்து வந்தார்கள். 1880 வாக்கில் வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்திரேலிய அனுபவம் உள்ள பிரவ் ஸ்மித் என்பவர் வந்து ஆய்வு அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக ஆரம்பித்துப் பங்கு விற்றார்கள். சில வருடத்தில் எல்லாம் புஸ்ஸென்று போனது. காட்டுக்குள் சுரங்கக் குழிகள்தான் மிச்சம்.

அந்த மலைகளில் இருந்து இறங்குகிற சாலியாறு கேரளாவில் நிலம்பூர் வழியாக ஓடுகிறது. அதன் மணலிலும் தங்கத் துகள் உண்டு என்பது அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். அதே சாலியாறுதான் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் இறந்தவர்களின் உடல்களை மைல் கணக்கில் இழுத்து வந்து நிலம்பூர்ப் பக்கம் ஒதுக்கியது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. அந்தச் செய்தியைப் பார்த்த வாரம், எங்கள் குழுவில் வெள்ளத் தங்கம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காவிரிக்குப் பொன்னி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கம் அது கொண்டுவந்த பொன் வண்டல்தான். அது வேண்டிய அளவு வந்தால் விளைச்சல், கரை உடைத்து வந்தால் அழிவு. வெள்ளத்தைப் பார்த்து 'என்ன கிடைக்கும்' என்று கேட்பதற்கு முன்னால் 'யாருக்கு என்ன போச்சு' என்று கேட்கிற பழக்கம் கடைமடைக்காரனுக்கு உண்டு. அந்தப் பழக்கம் இங்கே வந்த பிறகும் நமக்குப் போய்விடக்கூடாது என்பது என் ஆசை.

போகிறவர்களுக்கு

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். புவியியல், இயற்பியல், வரலாறு மூன்றையும் ஒரே தட்டில் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. என் மகள் தட்டில் முதல் துகளைப் பார்த்துப் போட்ட சத்தத்துக்கு எந்த நகைக்கடையும் ஈடில்லை. ஆனால் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, தண்ணீர் இறங்கும் வரை பொறுங்கள். வசந்தத்திலும் கோடை ஆரம்பத்திலும் ஓடுவது உருகிய பனி. வெளியே வெயில் கொளுத்தும், தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும். நீச்சல் தெரிந்தவரே சில நிமிடத்தில் கை காலை அசைக்க முடியாமல் போய்விடுவார். வெள்ளம் புரட்டிய படுகை போன வருடம் பார்த்த படுகை அல்ல. முழங்கால் ஆழம் என்று நினைத்த இடம் ஆளை முழுக்கும். வேலைக்கும் படிப்புக்கும் வந்த நம் பிள்ளைகள் ஆற்றிலும் அருவியிலும் போன செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்? தங்கம் எங்கேயும் போகாது. அது கனம். நகராது.

இரண்டு, விதியைத் தெரிந்துகொண்டு போங்கள். ஆபர்ன் பக்கத்து மாநிலப் பொழுதுபோக்குப் பகுதியில் கையும் தட்டும் மட்டும்தான், மண்வெட்டியும் மோட்டாரும் கூடாது. கொலோமா பூங்காவில் அதற்கென்று ஒதுக்கிய கரையில் மட்டும்தான் அலசலாம். மற்ற இடங்களில் யாராவது சட்டப்படி உரிமை பதிவு செய்து வைத்திருக்கலாம். விசாரிக்காமல் இறங்கினால் வம்பு.

மூன்று, தட்டில் வெள்ளியாக உருளும் துளி தெரிந்தால் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். அது வெள்ளி இல்லை, பாதரசம். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் சூடாக்கித் தங்கத்தைப் பிரிக்கலாம் என்று காணொளி பார்த்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம். அந்த ஆவி மூளையையும் நரம்பையும் கெடுக்கும்.

நான்கு, தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். அடுத்து அந்தக் கரையில் ஓடி வருவது யார் வீட்டுக் குழந்தையோ. ஆற்றுக்குக் கீழேயும் ஒரு ஊர் இருக்கிறது.